மனோவசியமும் மருத்துவமும்

மூன்றே அமர்வில் குடியை மறக்கடிக்கிறோம், சர்க்கரையை இறக்குகிறோம், பிள்ளைகளின் ஞாபகசக்தியைப் பெருக்குகிறோம் என்று மனோவசியத்தின் பெயரால் செய்யப்படும் விளம்பரங்கள் நம் நகரங்களுக்குப் புதியவை அல்ல. சனத்நகர் போன்ற தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் தொழிலாளியும், மாதக் கடைசியில் கையைப் பிசையும் குமாஸ்தாவும் இவற்றுக்கு மயங்குவதில் வியப்பில்லை. இதில் மெய் எவ்வளவு, புரட்டு எவ்வளவு?

மனோவசியம் முழுப் பொய்யன்று. மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. வசியக்காரரிடம் விசேஷ சக்தி ஏதுமில்லை, வசப்படுகிறவரின் மனமே வேலை செய்கிறது என்று பாரிஸ் நகரில் எடுத்துச் சொன்னவர், 1756-ல் கோவாவில் பிறந்த அபே ஃபரியா என்ற பாதிரியார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத 1845-ல், வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற டாக்டர் நோயாளிகளை இம்முறையில் ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. 1846-ல் கல்கத்தாவில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரியும் ஏற்பட்டது. ஆனால் ஒருவரை ஆழ்த்த உதவியாளர்கள் மணிக்கணக்கில் கைவீச வேண்டியிருந்தது. எல்லோரும் வசப்படவும் இல்லை. ஈதரும் குளோரோஃபாரமும் வந்ததும் அந்த முறை மறைந்தது.

இன்றைய மருத்துவம் இதற்கு ஓர் அளவான இடமே தருகிறது. வலியைத் தணிக்க, சிகிச்சைக்கு முன் வரும் பதற்றத்தைக் குறைக்க, சிலவகைத் தீராத வயிற்றுக் கோளாறுகளில் இது உதவுகிறது. சிகரெட்டை விடவைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. மறந்துபோனதை மீட்டுத் தரும் என்பதோ விபரீதம்; நடக்காததை நடந்ததாக நம்பவும் வைத்துவிடும். பயிற்சி பெற்றவர் செய்தால் பெரும்பாலோர்க்கு ஆபத்தில்லை. சிலருக்குத் தலைவலி, தலைசுற்றல் வரலாம். விழிக்காமலே போய்விடுவோம் என்ற பயம் சினிமா தந்தது. காதில் குரல் கேட்பது போன்ற கடும் மனநோய் உள்ளவர்கள் மட்டும் இதன் பக்கம் போகக் கூடாது.

மேடை வேடிக்கை வேறு சங்கதி. 2025-ல் மறைந்த பி.வி. பட்டாபிராமின் ஹிப்னாடிச நிகழ்ச்சிகளை ஹைதராபாத்வாசிகள் அறிவார்கள். அத்தகைய மேடைகளில் தானே முன்வந்து ஏறுகிறவர், ஒத்துழைக்கும் மனத்தோடுதான் ஏறுகிறார்.

உண்மையான ஆபத்து, நடக்கும் வைத்தியத்தை நிறுத்தச் சொல்வதில் இருக்கிறது. வலிப்பு மாத்திரையை நிறுத்தியவருக்கு வலிப்பு திரும்பலாம். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர், மருத்துவர் துணையின்றி ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் கண்டு உயிருக்கே முடிவு நேரலாம். வீட்டார் இதை அறிவதில்லை. சர்க்கரை, வலிப்பு முதலிய நோய்களைத் தீர்ப்பதாக மருந்தையோ மந்திரத்தையோ விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது!

சனத்நகரிலேயே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு, அருகே எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை உண்டு. காசைத் தொலைக்குமுன் நம்மவர்கள் அங்கே போகலாமே. மனச் சிகிச்சையில் பேச்சுக்கு முக்கிய இடம் உண்டு. அரைகுறைத் தெலுங்கில் தன் துயரத்தைச் சொல்லத் தவிக்கும் தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழறிந்த ஆலோசகர் ஒருவர், வாரத்தில் சில நாட்களேனும், கிடைக்க நிர்வாகத்தினர் ஏற்பாடு செய்ய வேண்டும். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் இதனை மனுவாக எழுதிக் கொடுக்கலாம்.