பழைய காசுக்குப் புளி போடாதீர்கள்!

பாத்திரம் விளக்குவது நல்ல பழக்கம். காசு விளக்குவது கெட்ட பழக்கம்.

மதுரைச் சீமையில் எத்தனையோ காசுகள் புழங்கி இருக்கின்றன. பாண்டியர் காசு, சுல்தான் காசு, நாயக்கர் காசு, ராணி விக்டோரியா ரூபாய்! கடல் கடந்து வந்த ரோமாபுரிக் காசு கூட இங்கே கிடைத்திருக்கிறது. ஆசைப்பட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கியவர் வீட்டுக்கு வருகிறார். காசு கறுத்துக் கிடக்கிறது. "என்ன இது, ஒரே அழுக்கு!" என்கிறார் மனைவி. உடனே புளி வருகிறது. வெள்ளிக் காசு என்றால் விபூதி வருகிறது. ஐந்தே நிமிடத்தில் காசு பளபளக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் காசின் மதிப்பு புளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது!

தோல் உரிந்த காசு

செம்புக் காசின் மேல் கெட்டியாகப் படிந்திருக்கும் களிம்பு, அதற்குத் தோல் மாதிரி. பல நூறு ஆண்டுகள் காற்றும் ஈரமும் பட்டு உண்டானது. எழுத்தையும் உருவத்தையும் அதுதான் காப்பாற்றுகிறது. புளியில் உள்ள அமிலம் அந்தத் தோலை உரித்துவிடும். தேய்க்கத் தேய்க்க, உருவத்தின் மேடுகளும் கரையும். வெள்ளியில் படியும் கறுப்பும் அப்படித்தான். காசு சேர்ப்பவர் கையில் எடுத்ததுமே, "இது தேய்த்த காசு" என்று சொல்லிவிடுவார்.

மாவு மாதிரி உதிரும் வெளிர் பச்சை மட்டும் வேறு. அது காசை அரிக்கும் நோய். அப்படிப்பட்ட காசைத் தனியே ஈரம் படாமல் வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். அதற்கும் புளி மருந்து அல்ல.

பெருவழுதி கிடைத்த கதை

சங்க காலத் தமிழ் மன்னர்கள் காசு வெளியிட்டார்களா என்று அறிஞர்களே ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். நாணய ஆராய்ச்சியாளர் இரா.கிருஷ்ணமூர்த்தி, 1984-ம் ஆண்டு மதுரையில் சில பழைய செம்புக் காசுகளை வாங்கினார். ஒரு காசில் குதிரை உருவம் இருந்தது. கூடவே பழைய தமிழ் எழுத்துக்கள்! "பெருவழுதி" என்று அவற்றைப் படித்தார்கள். பாண்டிய மன்னனின் பெயர்! இப்படி ஒரு சிறிய செம்புத் துண்டு பெரிய சந்தேகத்தைத் தீர்த்தது.

அந்தக் காசு யாராவது ஒருவர் வீட்டு அடுப்படிக்குப் போய், புளியில் ஊறியிருந்தால்?

தேய்ந்ததும் தேயாததும்

பழையது என்றால் விலை அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா ஏராளமாக அச்சடிக்கப்பட்டது. இன்றும் மலிவாகவே கிடைக்கும். ஆனால் 1939-ம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அரிய காசுக்குத்தான் போலியும் பிறக்கும்.

ஆகவே காசை ஓரத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். முதலில் தேய்வது மேடான இடங்கள்தான். ராஜாவின் காது, கன்னம், கிரீடம் ஆகியவை தெளிவாக இருக்கின்றனவா? பிறகு எடை. வெள்ளைக்காரர் காலத்து ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். வார்த்து எடுத்த போலியில் ஊசிமுனை போலப் பள்ளங்கள் இருக்கும். விளிம்பில் ஒட்டுப் போட்ட கோடும் தெரியலாம்.

வெள்ளி என்று நம்பி ஏமாறுவதும் உண்டு. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-ம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல்.

லட்ச ரூபாய் ஆசை

ராமர், சீதை, அனுமார் படம் போட்டு, 1818 என்று வருஷமும் போட்ட "கிழக்கிந்தியக் கம்பெனி காசு" விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிடவே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லிப் பணம் பறித்தவர்களும் உண்டு. காசு அரிசியை இழுக்காது. ஏமாந்தவரின் வீட்டு அரிசிப்பானைதான் காலியாகும்.

"உங்கள் பழைய காசுக்குப் பல லட்சம் தருகிறோம். முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்பது இன்னொரு தந்திரம். இதில் தன் பெயரையே பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021-ம் ஆண்டு எச்சரித்தது. வாங்குகிறவர் பணம் கொடுப்பாரா, கேட்பாரா?

தோண்டும்போது புதையலாகக் கிடைத்த காசு என்றால், விற்கும் பேச்சே கூடாது. 1878-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடையில் வாங்கிய காசை மெல்லிய காகித உறையில் போடுங்கள். ஒரு காசுக்கு ஓர் உறை. வாங்கிய இடம், தேதி, கொடுத்த விலை மூன்றையும் உறையின் மேல் எழுதுங்கள். காசை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பேனாவை அழுத்தினால் காசில் கீறல் விழும்.