குஞ்சோடு நிற்கும் விராலை விட்டுவிடுங்கள்



வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, நம்மூர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும் தூண்டிலோடு கிளம்பிவிடுவீர்கள். மண்புழுவுக்குக் கெண்டை, கெளுத்தி; தவளைக்கு விரால். தாராளமாகப் பிடியுங்கள்.

ஆனால் செம்மஞ்சள் நிறப் பொடிக்குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போகும் இடத்தில் தூண்டில் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சைக் காக்கத்தான் விரால் அப்போது தவளைமேல் பாய்கிறது, சுலபமாகச் சிக்குகிறது. அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை. ஒருவேளைக் குழம்புக்கு ஒரு வம்சமே போகலாமா?

ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் மட்டும் திரும்ப விடாதீர்கள். 2000-லேயே மத்திய அரசு வளர்க்கத் தடைபோட்ட மீன் அது. நம் மீன்களை விழுங்கிவிடும்.

"நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான்" என்பீர்கள். அந்த அடுத்தவனுக்கும் சொல்லுங்கள்.