அளவுகோல் யார் கையில்?

கலைப்பீடத்து மாணவன் ஒருவன் மின்மானியைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைப்பது இயல்பே. "அது பொறியியற் பீடத்தாரின் பொருள், நீ இலக்கியமோ வரலாறோ எழுதலாமே" என்று விடுதியிற் பலர் எனக்குப் புத்தி கூறினர். அவர்களுக்குரிய மறுமொழியாகவே இக்கட்டுரை அமைகிறது. ஒரு வீட்டில் நுகரப்படும் மின்சாரத்தை எக்கருவி அளப்பது, அவ்வளவை யார் வாசிப்பது, வாசித்த எண் யாரிடம் தங்குவது என்னும் மூன்று வினாக்களுக்கும் பொறியியலாளர் மட்டும் விடை கூறிவிட முடியாது என்பதே என் வாதம்.

நான் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எங்களூராரிற் பெரும்பாலோர் புத்தளத்தைச் சென்றடைந்தனர். அம்மாவட்டத்து நுரைச்சோலையில் 2011இல் நிலக்கரி மின்னிலையத்தின் முதற்பிரிவு இயங்கத் தொடங்கியது. 2014இல் அது 900 மெகாவாற்று நிலையமாக முழுமை பெற்றது. 2009இல் யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பியோர் கண்டதோ காற்றாலைகள். தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் கொண்ட 103.5 மெகாவாற்றுத் 'தம்பபவனி' 2020 டிசம்பரிற் திறந்து வைக்கப்பட்டது. அகதியாக இருந்த மாவட்டத்திலும் மின்னிலையம்; சொந்தத் தீவிலும் மின்னிலையம். ஆயினும் மாதந்தோறும் வரும் மின்பட்டியலின் தொகை எவ்வாறு பிறந்தது என்று கேட்டால் விடை கூறவல்லார் எங்களூரில் மிகச் சிலரே.

இவ்வறியாமைக்கு விலையுண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் கட்டணங்கள் ஏறியும் இறங்கியும் வந்துள்ளன. எனினும் அண்மைய ஆண்டுகளின் வீட்டுக் கட்டண முறையில் ஒரு நுட்பம் உண்டு. மாதத்தில் 60 அலகுக்கு உட்பட்டு நுகர்வோருக்கு ஓர் அட்டவணை. அதைத் தாண்டியோருக்கு வேறோர் அட்டவணை. அறுபத்தோராவது அலகு அவ்வலகின் விலையை மட்டும் உயர்த்துவதன்று. முதல் அலகிலிருந்தே கணக்கை மாற்றிவிடுகிறது. பட்டியல் கைக்கு வரும்போது மாதம் கடந்துவிடும். கடந்த மாதத்தைத் திருத்த எவராலும் ஆகாது. ஆதலின் நுகர்வை நடக்கும்போதே காட்டும் மானி ஒன்று வீட்டுக்குள் இருப்பது ஆடம்பரம் எனத் தள்ளத்தக்கதன்று.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் இத்தேவை இன்னும் பெரிது. பாடநூல்கள் 'அவத்தை' என்று கூறும் பேஸ் ஒவ்வொன்றும் நடுநிலைக் கம்பியோடு 230 வோல்ற்றையும், இரு பேஸ்களுக்கிடையில் 400 வோல்ற்றையும் தரும். மீனுக்குப் பனிக்கட்டி வைத்திருப்போர், பெரிய நீர்ப்பம்பி பொருத்தியோர், கூரையிற் சூரியப் பலகை இட்டோர் ஆகியோர் இவ்விணைப்பை நாடுகின்றனர். மூன்று பேஸில் 30 அம்பியரும் அதற்கு மேலும் பெறும் வீட்டாருக்கு நேரவாரிக் கட்டணத்தைத் தெரிவு செய்யும் உரிமையும் வழங்கப்பட்டது. பகல், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சநேரம், நள்ளிரவை அடுத்த மலிவுநேரம் என அது நாளைக் கூறுபடுத்துகிறது. தன் வீட்டில் எந்தப் பேஸில் எந்த மணியில் எவ்வளவு செல்கிறது என்று அறியாதவன் இத்தெரிவை எவ்வாறு செய்வான்? கண்ணைக் கட்டிக்கொண்டு கையெழுத்திடுவதே அவன் செய்யக் கூடியது.

என் சாச்சா அவ்வாறு கையெழுத்திட விரும்பவில்லை. மூன்று கவ்விகளோடு கூடிய மலிவான மானி ஒன்றை வாங்கிப் பொருத்தினார். எட்டு மாதம் கைத்தொலைபேசியில் எண்கள் வந்தன. வீடே அதைச் சுற்றி நின்று பார்த்தது. ஒருநாள் எண்கள் நின்றன. கருவி பழுதுபடவில்லை; சுவரில் அதன் பச்சை விளக்கு இன்றும் எரிகிறது. விற்ற கம்பனி எங்கோ ஒரு நாட்டிலிருந்த தன் கணினிச் சேவையை மூடிவிட்டது, அவ்வளவே. எங்கள் சுவரில், எங்கள் கம்பியில், எங்கள் மின்சாரத்தை அளக்கும் கருவி தன் எண்ணை எங்களுக்குச் சொல்ல மறுத்தது. எட்டு மாதக் கணக்கும் அதனோடு போயிற்று.

இது புதுமையான தீங்கு என்று எண்ண வேண்டா. 1880களில் எடிசன் நியூயோர்க்கில் மின்சாரம் விற்றபோது பயன்படுத்திய முதல் மானி ஒரு கண்ணாடி ஜாடியாகும். அதனுள்ளிருந்த நாகத் தகடுகளில் மின்னோட்டத்துக்கு ஏற்ப நாகம் படிந்தது. மாதமொருமுறை கம்பனியாள் வந்து தகட்டை எடுத்துச் சென்று நிறுத்துப் பார்த்துப் பணம் கேட்டான். வீட்டுக்காரனுக்கு வாசிக்க அதில் எண்ணே இல்லை. பின்னர், 1889இல் ஹங்கேரியரான பிளாதி உருவாக்கிய மாறுதிசை மின்மானியின் வழிவந்த சுழல்தட்டு மானிகள் எண்களை வீட்டாரின் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தின. நூற்றாண்டுக்கு மேலாக வீட்டார் அனுபவித்த அவ்வுரிமையை, 'அறிவார்ந்த' மானி என்ற பெயரால் மீண்டும் ஜாடிக்குள் அடைப்பதுதான் முன்னேற்றமா?

மன்னார்க் கரையார்க்கு இக்கதை பழக்கமானதே. முத்துக்குளிப்புக் காலத்தில் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கியவன் குளியாளி. இருபது துளை முதல் ஆயிரம் துளை வரையான பத்துவகைப் பித்தளைச் சல்லடைகளில் முத்தைத் தரம் பிரித்து, மஞ்சாடியில் நிறுத்து, விலை வகுத்தவன் வணிகன். கடலை அறிந்தவனுக்குச் சல்லடையின் கணக்குத் தெரியாது. அளவுகோலைக் கையில் வைத்திருந்தவனே விலையையும் கையில் வைத்திருந்தான்.

இனி, மானியைத் தெரிவது எவ்வாறு? கடைக்காரர் கூறும் முதற் சிறப்பு செயலியின் அழகு. அதை இறுதியில் வைத்துக்கொள்ளலாம். முதலாவதாக, மூன்று பேஸ்களின் மின்னோட்டத்தை மட்டுமன்றி மூன்றின் வோல்ற்றளவையும் தனித்தனியே அளக்கும் மானியே மெய்யான மூன்று பேஸ் மானியாகும். ஒரு பேஸின் வோல்ற்றளவை மட்டும் பார்த்து ஏனையவற்றை ஊகிப்பது அரைகுறைக் கருவி. இரண்டாவதாக, கவ்வி எந்தப் பேஸைச் சுற்றியுள்ளதோ அந்தப் பேஸின் வோல்ற்றளவோடு அது இணைக்கப்பட வேண்டும். மாறிப் பொருத்தினால், பேஸ்கள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகியிருப்பதால், ஆயிரம் வாற்று வெப்பச் சுமை ஒன்று கழித்தல் ஐந்நூறு வாற்றாகத் தோன்றும். கவ்வியிலுள்ள அம்புக்குறி தலைகீழானாலும் நுகர்வு உற்பத்தியாக மாறிவிடும். மூன்றாவதாக, 30 அம்பியர் இணைப்புக்கு 200 அம்பியர்க் கவ்வி பெருமையன்று. சிறு சுமைகள் அதன் பிழைக்குள் மறைந்துபோகும். நான்காவதாக, ஒரு பேஸில் மட்டும் சூரிய மின்சாரம் பாயும் வீட்டில் மூன்று பேஸ்களின் கூட்டுத்தொகையை அவ்வக்கணமே கணிக்கும் மானி வேண்டும். ஒரு பேஸில் இரண்டு கிலோவாற்று வெளியே போக, மற்றிரண்டில் ஒவ்வொரு கிலோவாற்று உள்ளே வந்தால் மொத்தம் சுழியம். அவற்றைத் தனித்தனியே கூட்டிவைக்கும் கருவி, கூட்டுத்தொகையைக் கணக்கிடும் பட்டியலோடு என்றும் ஒத்துவராது.

ஐந்தாவதே தலையாயது. இணையம் அறுந்தாலும், விற்றவன் கடையை மூடினாலும், மானி தன் எண்ணை வீட்டுக்குள்ளேயே சொல்ல வேண்டும். முகப்பில் எண்திரை இருத்தல் வேண்டும். அல்லது மொட்பஸ் போன்ற திறந்த முறையில், எவரது அனுமதியுமின்றி, வீட்டுக் கணினி ஒன்று அதனை வாசிக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். இதற்கு 'ஆம்' என்று விடை தராத கருவி எத்துணை மலிவாயினும் வாங்கத்தக்கதன்று. பொருத்தும் வேலையைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்யவேண்டும் என்பதையும், முத்திரையிட்ட கட்டண மானியை எவரும் தொடலாகாது என்பதையும் சொல்லாமல் விடுவது தவறு. நம் மானிக்குரிய இடம் அதற்கு அப்பால், வீட்டுப் பக்கத்தில்.

"மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்? எண்கள் கம்பனியிடம் இருந்தால் என்ன?" என்று கேட்போர் உளர். 1980களில் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜோர்ஜ் ஹார்ட் என்னும் ஆய்வாளர், வீட்டின் மொத்த மின்னோட்ட மாற்றங்களிலிருந்தே உள்ளே இயங்கும் கருவிகளைப் பிரித்தறியும் முறையை வகுத்தார். இம்முறை வீட்டாரைக் கண்காணிக்கவும் உதவும் என்று 1989இல் எச்சரித்தவரும் அவரே. 2009இல் நெதர்லாந்தின் மேற்சபை, கட்டாய அறிவார்ந்த மானிச் சட்டமூலத்தை அந்தரங்க உரிமையின் பொருட்டு நிறுத்தியது. நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழும் வீடு எது, கலியாணத்துக்காகப் புத்தளம் சென்றதால் ஒருவாரம் இருண்டிருக்கும் வீடு எது என்பதெல்லாம் அவ்வெண்களில் எழுதியிருக்கும். வீடுகளை வெறுமையாக விட்டு ஓடிய ஊருக்கு, எவ்வீட்டில் ஆளில்லை என்பது சிறு செய்தியன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியது நன்றே. ஆயினும் வீட்டைவிட்டு வெளியேறாத எண்ணுக்குக் காவலே தேவையில்லை.

"கட்டண மானியே சரியாக அளக்கும்போது இரண்டாவது எதற்கு?" என்பது இன்னொரு வினா. 2017இல் நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழக ஆய்வாளர், சில மின்குமிழ்களும் ஒளிகுறைப்பிகளும் எழுப்பும் குழப்பமான அலைகளால் இலத்திரனியல் மானிகள் சில உண்மை அளவிலும் 582 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டியதை வெளியிட்டனர். அவை ஆய்வுகூடச் சூழலிற் கண்டவை. நம் மானிகள் பொய் சொல்கின்றன என்று அதனால் நான் கூறவில்லை. முறையிடச் செல்பவன் வெறுங்கையோடு செல்லாதிருக்க ஓர் ஒப்பீடு வேண்டும் என்கிறேன்.

மானி வாங்கு என்று எல்லாரையும் நான் ஏவுவதாகவும் கொள்ளற்க. ஒரு பேஸ் இணைப்பில் நாலு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டுக்குக் கொப்பியும் பென்சிலும் போதும். ஞாயிறுதோறும் மானியின் எண்ணைக் குறித்து, முன்னைய எண்ணைக் கழித்து, பதினான்கு அலகைத் தாண்டியதா என்று பார்த்தால் அறுபதின் எல்லை தெரிந்துவிடும். அதுவும் தன் கையில் உள்ள அளவுகோலே.

இச்சஞ்சிகை தமிழ்ச் சங்கத்தினது. ஆதலின் இறுதியாக ஒன்று. என் உம்மா தமிழும் அறபுத்தமிழும் தடையின்றி வாசிப்பவர். அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய மானியின் செயலியில் ஒரு தமிழ்ச் சொல் இல்லை. வலு, சக்தி, மின்னோட்டம், அவத்தை, வலுக்காரணி என்று பாடசாலையில் நாம் மனனம் செய்த சொற்கள் பரீட்சைத் தாளோடு ஏன் நின்றுவிட்டன? அச்சொற்களை வீட்டுச் சுவர்வரை கொண்டுசெல்லும் கடமை யாருடையது? விரிவுரையாளர்களே, அது பொறியியலாளரின் கடமை மட்டும்தானா?

அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், அயல்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்களுடைய மின்பட்டியலை ஒருமுறை தமிழில் வாசித்துக் காட்டுவார்களாக. கலைப்பீட மாணவனுக்கு மின்மானியில் என்ன வேலை என்று கேட்டோருக்கு அவ்வீட்டாரே விடை கூறுவர்.