திரை சுமத்தும் திருட்டுப் பட்டம்

திருட்டுக்கு வக்காலத்து வாங்க நாங்கள் வரவில்லை. பிறர் இரவு பகலாய் உழைத்து எழுதிய மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுத்துப் பயன்படுத்துவது களவே. ஊரெல்லாம் செய்கிறது என்பதனால் அது களவு அல்லாமல் போய்விடாது. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறோம். ஏனெனில் இங்கே நாங்கள் பேச வந்தது களவைப் பற்றியன்று. களவு செய்யாதவரைக் கள்ளர் என்று சொல்லிவிடும் ஒரு வழக்கத்தைப் பற்றி. பத்துக் கட்டளைகளில் ஏழாவதோடு எண்ணிக்கை நின்றுவிடவில்லை. பொய்ச்சான்று பற்றிய எட்டாவதும் இருக்கிறதன்றோ!

வீட்டில் கணினி வைத்திருக்கும் பெற்றோர் சிலர் இதைக் கண்டிருப்பீர்கள். நேற்றுவரை ஒழுங்காய் ஓடிய கணினியை இன்று திறந்தால், திரையில் இருந்த படம் மறைந்து எங்கும் ஒரே கறுப்பு. வலப்பக்கக் கீழ் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: 'இந்த விண்டோஸ் பிரதி உண்மையானதன்று.' சில பதிப்புகளில் இன்னொரு வரியும் கூட வரும்: 'நீங்கள் போலி மென்பொருளுக்கு இரையாகியிருக்கலாம்.' படிப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். முழு விலை கொடுத்து வாங்கியிருப்பார். பில்லும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஆனாலும் அருகில் நிற்பவர் பார்வை மாறிவிடும்.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறதென்று எங்கள் தங்கையருக்காகச் சிறிது சொல்கிறோம். விண்டோஸ் என்னும் இயக்க அமைப்பை நிறுவும்போது 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு திறவுகோல் தரப்படுகிறது. அதோடு கணினியின் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் முதலிய உறுப்புகளின் அடையாளத்தையும் சேர்த்து ஒரு குறியீடு உண்டாக்கப்படும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சர்வர் அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'சரி' என்றோ 'சரியில்லை' என்றோ பதில் அனுப்பும். 2005-ஆம் ஆண்டில் 'விண்டோஸ் ஜெனுயின் அட்வான்டேஜ்' என்னும் பெயரில் இந்தச் சோதனை உலகெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆக, நம் வீட்டு மேசையில் இருக்கும் கணினி நம்மைப் பற்றித் தானாக ஒன்றும் அறிவதில்லை. கடல் கடந்து எங்கோ இருக்கும் மற்றொரு கணினி சொல்வதைத்தான் அது நம்மிடம் சொல்கிறது. அந்த மற்றொரு கணினி தவறினால்?

தவறியது. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், அமெரிக்காவில் அது வெள்ளிக்கிழமைப் பிற்பகல். சோதனை நிலையிலேயே இருக்க வேண்டிய ஒரு புதிய நிரலை, பயன்பாட்டில் இருந்த சர்வர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சர்வர்கள் அதற்கு இன்னும் தயாராகவில்லை. விளைவு என்ன? நேர்மையாய் வாங்கிய திறவுகோல்களையும் 'செல்லாது' என்று திருப்பி அனுப்பத் தொடங்கின. புதிதாக நிறுவுவோரைப் பதிவு செய்யும் பகுதியை அரை மணி நேரத்துக்குள் சரிசெய்துவிட்டனர். உண்மைதானா என்று சரிபார்க்கும் பகுதியோ ஏறத்தாழ 19 மணி நேரம் கெட்டே கிடந்தது. நமக்கு அது சனிக்கிழமை. விடியுமுன் தொடங்கி இரவுவரை நீடித்தது. விஸ்டா வைத்திருந்தவர்களில் சிக்கியவர்களுக்குத் திரையழகு முதலிய சில வசதிகள் பறிக்கப்பட்டன. 12,000-க்கும் குறைவான கணினிகளே பாதிக்கப்பட்டன என்றும், இது மனிதத் தவறே அன்றி வேறில்லை என்றும் நிறுவனம் பின்னர் விளக்கம் தந்தது.

ஒரு தடவைதானே என்று சிலர் சொல்லலாம். 2018 நவம்பரில் இதுபோல் மீண்டும் நடந்தது. விண்டோஸ் 10-இன் உயர்ந்த பதிப்பை விலை கொடுத்து வாங்கியிருந்த பலரிடம், 'உங்களுக்கு உரியது சாதாரணப் பதிப்பே' என்று கணினி வாதாடியது. அடுத்து 2019 ஜனவரியில், விண்டோஸ் 7 ஓடிய பல அலுவலகக் கணினிகளில் அதே 'உண்மையானதன்று' என்ற வரி திடீரென்று முளைத்தது. சர்வரில் செய்த ஒரு மாற்றமே அதற்கும் காரணம். மாற்றத்தை விலக்கிக்கொண்ட பிறகே அடங்கிற்று. மூன்று முறையும் தவறு செய்தது கேள்வி கேட்ட பக்கம்; தலைகுனிந்தது பதில் சொன்ன பக்கம்!

உலகத்தில் கோடிக்கணக்கான கணினிகள் இருக்க, 12,000 ஒரு பெரிய எண்ணா என்று கணக்கில் கெட்டிக்காரியான எங்கள் தோழி ஒருத்தி வாதிட்டாள். விழுக்காடு பார்த்தால் சிறியதுதான். ஆனால் திருட்டுப் பட்டம் விழுக்காட்டில் வருவதில்லை. யார் மீது விழுகிறதோ அவர் மீது முழுதாக விழுகிறது. தாமதமாக வரும் பேருந்தையும் தப்பான குற்றச்சாட்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது.

நம் செங்கம் போன்ற ஊர்களில் இந்தத் தொல்லைக்கு இடம் இன்னும் அதிகம் என்பது எங்கள் எண்ணம். பெருநகரத்து அலுவலகத்தில் கணினி பழுதானால் புதிதாக வாங்குவார்கள். இங்கே நாம் பழுது பார்ப்போம். மழைக்காலத்தில் ஓர் இடி, கோடையில் ஏறி இறங்கும் மின்னழுத்தம் என்று ஏதாவது ஒன்றில் மதர்போர்டு போய்விடும். மெக்கானிக் வேறொன்றைப் பொருத்திக் கொடுப்பார். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பெரும்பாலும் பழைய மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது. எனவே சர்வரின் கண்ணுக்கு இது வேறு கணினி. வேறொருவர் உரிமத்தை எடுத்து ஓட்டும் கணினி! முன்பெல்லாம் உரிமத்துக்கு ஆதாரமாக மடிக்கணினியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சூட்டிலும் உராய்விலும் அதன் எழுத்து அழிந்துபோயிருக்கும். எங்கள் அக்காமார் பலருக்கு, 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஒன்று கிடைத்தது. அது அக்காவிடமிருந்து தங்கைக்கும், தங்கையிடமிருந்து சித்தி மகளுக்கும் கைமாறி, பாதி உறுப்பு மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அவற்றில் எதுவும் களவுப் பொருள் அன்று.

பேருந்து நிலையத்தை ஒட்டிய தட்டச்சு நிலையங்களை எண்ணிப் பாருங்கள். ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வந்து, பிள்ளையின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேண்டி மனு கொடுக்க நிற்பவர்கள் அங்கே உண்டு. அவர்கள் கண் முன்னே திரை கறுத்து, 'போலி' என்னும் பொருள்பட ஒரு வரி வருகிறது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அதை உரக்கப் படித்துவிட்டால் போதும். கடைக்காரர் எதை எதையோ விளக்குவார். மலையிலிருந்து வந்தவருக்கோ தம் சான்றிதழே போலியாகிவிடுமோ என்று கவலை பிறக்கும். இந்த மனவேதனைக்கு எந்தச் சர்வரிலும் பதிவு கிடையாது.

கோவலன் கதை நமக்குப் புதிதன்று. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழி விழுந்தது தன் மனைவியின் சிலம்பை விற்க வந்தவன் மேல். பாண்டியன் செய்த பிழை என்ன? திருட்டை வெறுத்தது பிழையன்று. ஆராயாமல் தீர்ப்புச் சொன்னதே பிழை. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள், கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். உடைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். உடைத்துப் பார்க்கும் அந்த வேலை அரசனுடையது. அவன் அதை முன்பே செய்யாததால், எல்லாம் முடிந்த பிறகு கண்ணகி வந்து செய்ய வேண்டியதாயிற்று. இன்றும் சரிபார்க்க வேண்டியவர் சரிபார்க்காமல் விட்டு, 'நீ வாங்கியதற்குச் சான்று கொண்டு வா' என்று நம்மைத்தானே அலைக்கழிக்கிறார்கள்!

இந்தக் கதையில் பொற்கொல்லனையும் மறந்துவிடக் கூடாது. திருட்டு நகலை நல்ல நகல் என்று சொல்லி, முழு விலைக்குத் தலையில் கட்டும் வியாபாரிகள் உண்டு. அப்போது வாங்கியவர் ஏமாந்தவரே தவிரக் கள்ளர் அல்லர். ஆனால் பட்டம் அவருக்குத்தான். ரஷ்யாவில் பெர்ம் பகுதியில் செபிச் என்று ஒரு கிராமம். அங்குள்ள பள்ளியின் தலைமை ஆசிரியர் அலெக்சாண்டர் பொனோசொவ். பள்ளிக்கு வந்த 12 கணினிகளில் உரிமம் இல்லாத விண்டோஸ் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தது. அது தமக்குத் தெரியாது என்றார் அவர். வழக்குத் தொடுத்தார்கள். அவருக்கு இரக்கம் காட்டும்படி கேட்டு, 2007 பிப்ரவரியில் முன்னாள் சோவியத் தலைவர் கோர்பசேவ் பில் கேட்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். வழக்கைத் தொடுத்தது தாங்கள் அல்ல, ரஷ்ய அதிகாரிகளே என்றது மைக்ரோசாப்ட். 'அற்ப விஷயம்' என்று நீதிமன்றம் முதலில் தள்ளுபடி செய்தபோது, அவர் மகிழ்ந்து வீடு திரும்பவில்லை. அற்பக் குற்றம் என்றாலும் குற்றம்தானே, நான் குற்றமே செய்யவில்லை என்று மேல்முறையீடு செய்தார். அரசுத் தரப்பும் முறையிட்டது. மே மாதம் 5,000 ரூபிள் அபராதம் விதித்தார்கள். அதன்பின்னும் அவர் விடவில்லை. 2008 டிசம்பரில் முழு விடுதலை கிடைத்தது. ஒரு கிராமப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு இத்தனை வைராக்கியம் எதற்கு என்று கேட்பவர்கள், மாணவர் முன் நின்று பாடம் நடத்த வேண்டியவர் அவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் எவ்வளவோ பக்குவமாகப் பேசுகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994-இல் கொண்டுவந்த திருத்தத்தால் 63-பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. திருட்டு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு என்கிறது அது. கடுமையான தண்டனைதான். ஆனால் 'அறிந்தே' பயன்படுத்துபவர் என்று ஒரு சொல்லை அங்கே வைத்திருக்கிறார்கள். இலாப நோக்கமோ வியாபாரமோ இல்லாதபோது சிறைத் தண்டனையைத் தவிர்க்கவும் நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் ஒருவரின் மனத்தைக் கேட்கிறது. திரையில் வரும் வரி மதர்போர்டை மட்டும் கேட்கிறது.

இந்த எச்சரிக்கை செய்யும் இன்னொரு தீங்கையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். மிரண்டு போனவரை ஏமாற்றுவது எளிது. 'மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் உரிமம் காலாவதியாகிவிட்டது' என்று தொலைபேசியில் அழைத்துப் பணம் பறிக்கும் கூட்டங்கள் உண்டு. 2018-இல் டெல்லி, குருகிராம், நொய்டாவில் இத்தகைய பல அழைப்பு மையங்களைக் காவல்துறை சோதனையிட்டு ஆட்களைக் கைது செய்தது. உண்மையான எச்சரிக்கையே அடிக்கடி பொய்க்குமானால், பொய்யான எச்சரிக்கையை எப்படி இனம் காண்பது? வேறு சிலர் தொல்லை தாங்காமல், 'இருநூறு ரூபாய் கொடுங்கள், இந்த வரியே வராமல் செய்து தருகிறேன்' என்பவரிடம் போகிறார்கள். அவர் ஏற்றுவது உடைத்த நகல். அதோடு வைரஸும் வந்தால் வியப்பில்லை. நேர்மையாய் வாங்கியவர் கடைசியில் திருட்டு நகலுக்கே போய்ச் சேர்வது நல்ல வேடிக்கை!

நிறுவனத்தார் பக்கமும் நியாயம் உண்டு. உழைப்புக்கு ஊதியம் கேட்பது பிழையன்று. சில இடங்களில் இறங்கியும் வந்திருக்கிறார்கள். விஸ்டாவில் உரிமச் சிக்கல் எழுந்தால் கணினியையே ஏறக்குறைய முடக்கிப் போட்ட ஏற்பாட்டை 2008-இல் கைவிட்டார்கள். செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. இலவச லினக்ஸுக்கு எல்லாரும் மாறிவிட்டால் தொல்லையே இல்லை என்று எங்கள் வகுப்பில் ஒரு கட்சி இருக்கிறது. நாங்களும் பாடத்தில் பைதான் படிக்கிறோம். அதற்குத் திறவுகோலும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஆனால் தட்டச்சு நிலையத்துக்காரரிடம் போய், நாளை முதல் எல்லாவற்றையும் மாற்று என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் பிழைப்பு அவருக்கு.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வாசகத்தை மாற்றுங்கள். சர்வருக்கு நிச்சயமாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல வேண்டாம். 'இந்தப் பிரதியை எங்களால் இப்போது சரிபார்க்க இயலவில்லை. பிழை எங்களுடையதாகவும் இருக்கலாம். அண்மையில் ஏதேனும் உறுப்பு மாற்றினீர்களா? பில்லின் படத்தை அனுப்பினால் முப்பது நாளுக்குள் பார்த்துச் சொல்கிறோம். அதுவரை உங்கள் வேலையைத் தொடருங்கள்.' இவ்வளவு எழுதினால் போதும். திரையில் இடமா இல்லை? அதைத் தமிழிலும் எழுதினால், அருகில் நிற்பவர் உரக்கப் படித்துக் காட்டும்வரை எங்கள் தந்தையர் காத்திருக்க வேண்டியதில்லை.

— பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவியர், செங்கம்