டேக்வாண்டோவின் வயது என்ன?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் மாலை வேளையில் வெள்ளைச் சீருடையும் இடுப்பில் பெல்ட்டுமாகப் பிள்ளைகள் டேக்வாண்டோ வகுப்புக்குப் போவதைப் பார்க்கலாம். அழைத்துவரும் பெற்றோர் காதில் இரண்டு கதைகள் விழுகின்றன. இது 2000 ஆண்டு பழமையான கொரியக் கலை என்பது ஒன்று. காஞ்சிபுரத்துப் போதிதருமர் சீனாவுக்குக் கொண்டுபோன நம் கலைதான் கொரியாவரை பரவியது என்பது மற்றொன்று. இரண்டையும் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பெயர். ‘டே’ காலால் உதைப்பது, ‘க்வான்’ கைமுட்டி, ‘டோ’ நெறி. இந்தப் பெயர் 1955இல் வந்தது. முன்மொழிந்தவர்களில் முதன்மையானவர் ராணுவத் தளபதி சோய் ஹோங் ஹி. பெயருக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

அடுத்து, பயிற்சிமுறை. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கச் சென்ற இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றனர். அவர்களில் ஒருவரான லீ வோன் குக், 1944இல் சியோலில் ‘சுங் டோ க்வான்’ என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பிறகு இத்தகைய கூடங்கள் பெருகின. தொடக்கத்தில் அங்கே சொல்லிக்கொடுத்த அடிமுறை வரிசைகளில் பல, கராத்தேயிலிருந்து வந்தவை. அந்தக் கராத்தேயோ ஒகினாவாத் தீவில் சீனத் தாக்கத்தோடு வளர்ந்தது. இந்தக் கூடங்கள் ஒன்றிணைந்து, உயரமான உதைகளை முன்னிறுத்தி, தனி விதிகள் வகுத்துக்கொண்டதில் உருவானதே இன்றைய டேக்வாண்டோ. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டானது.

அப்படியானால் அந்த 2000 ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? பண்டைக் கொரிய அரசான கோகுர்யோவின் கல்லறைச் சுவர்களில் இரு வீரர்கள் எதிரெதிரே மோதத் தயாராக நிற்கும் ஓவியம் உண்டு. பழைய நூல்கள் ‘சுபாக்’ என்ற கைச்சண்டையைக் குறிப்பிடுகின்றன. ‘டேக்கியோன்’ என்ற கால்விளையாட்டு இன்றும் உயிரோடிருக்கிறது; 2011இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. கொரிய மண்ணில் சண்டைக்கலை தொன்மையானது என்பதற்கு இவை சான்று. ஆனால் அந்த ஓவியத்திலிருந்து இன்றைய பயிற்சிக்கூடம்வரை குருவும் சீடருமாக அறுபடாமல் வந்த சங்கிலி ஏதும் கிடைக்கவில்லை. ஆட்சியை இழந்து, தாய்மொழிக்கும் தடை கண்ட மக்கள், விடுதலை பெற்றதும் தம் வேரைத் தேடியது இயல்பு. அந்த ஏக்கத்தை மதிக்கலாம். ஆனால் அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது.

அதே அளவுகோலை நம் கதைக்கும் வைக்க வேண்டும். போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547இல் எழுதப்பட்டது. அது அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. தென்னிந்திய அரசரின் மகன் என்று மற்றொரு பழைய குறிப்பு சொல்கிறது. இரண்டிலும் சண்டைக்கலை பற்றிய பேச்சே இல்லை. சீனாவின் ஷாவோலின் மடத்து உடற்பயிற்சிகளை அவரோடு இணைக்கும் நூல், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து, 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. 2011இல் வெளியான ‘7ஆம் அறிவு’ படம் அந்தக் கதையைத் தமிழகத்தின் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. திரையில் கண்டதாலேயே அது வரலாறாகிவிடாது.

இதனால் யாருக்கும் குறைவில்லை. சிலம்பம் நம் மண்ணில் இன்றும் சுழல்கிறது. அதற்குக் கொரியாவின் சான்றிதழ் தேவையில்லை. எழுபது ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிய டேக்வாண்டோவுக்கும் கடன் வாங்கிய வயது தேவையில்லை. ‘இது எவ்வளவு பழசு?’ என்று பிள்ளை கேட்டால் பயிற்சியாளர்கள் மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும்: உதைக்கும் வழக்கம் பழையது, இந்த முறை 20ஆம் நூற்றாண்டில் உருவானது, பெயர் 1955இல் வந்தது. பெல்ட்டின் நிறம் மாற மாற நேர்மையும் வளர வேண்டும் என்று சொல்லித்தரும் கலை இது. தன் பிறப்பைச் சொல்லும் இடத்திலும் அந்த நேர்மை வேண்டும்.