ஞாயிறு மாலை காதர்பேட்டை... சூறைக்காற்று அடித்தால் எங்கே ஒதுங்குவது?

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கடைவீதி. திருப்பூரில் பல வருடங்களாக ஓடுகிற கணக்கு இது. டைலர், கட்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங் என வாரம் முழுக்க கம்பெனிக்குள் நின்றவர்களுக்கு, கையில் காசும் காலுக்கு ஓய்வும் சேர்ந்து கிடைப்பது அந்த ஒரு நாளில்தான். காலையில் கறி எடுத்துச் சமைத்து, மதியம் துணி துவைத்துப் போட்டு, வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளை வண்டியில் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு காதர்பேட்டைக்குக் கிளம்புவார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கூட்டம் இன்னும் கூடும். பள்ளி திறப்பதற்குள் பனியன், ஜட்டி, டிராக் பேன்ட் எல்லாம் வாங்கியாக வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயில் ஏறி வருவார்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், ஒரே இடத்தில் மலிவாகவும் முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அதே மாதங்களில், அதே மாலை நேரத்தில்தான் கொங்கு மண்டலத்தில் கோடை மழையும் சூறைக்காற்றும் வரும்.

திருப்பூர்க்காரர்களுக்குக் காற்று புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று வந்துகொண்டே இருக்கும். 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்பார்கள். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளுக்கு அதுதான் அறுவடைக்காலம். பனியன் கம்பெனிகளும் மில்களும் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கிற ஊர் இது. அந்தக் காற்று மேற்கிலிருந்து வரும், நாள்கணக்கில் ஒரே மாதிரி அடிக்கும். எல்லாருக்கும் பழகிவிட்டது.

கோடைச் சூறை அப்படியில்லை. பகல் முழுக்கத் தரை கொதிக்கிறது. சூடான காற்று மேலே ஏற, கடலிலிருந்து வந்த ஈரமும் சேர்ந்து, மூன்று, நான்கு மணிக்கு மேல் கோபுரம் மாதிரி கருமேகம் எழும்புகிறது. அதற்குள் மழை உருவாகி விழத் தொடங்கும்போது, குளிர்ந்த காற்று கனத்துப்போய் மேலிருந்து அப்படியே கீழே இறங்கும். தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். மழை வருவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் திடீரென்று ஜில்லென்று ஆகி, புழுதி கிளம்பி, மண் வாசனை வருகிறதே, அதுதான் அந்தக் காற்றின் முன்வரிசை. இது எந்தத் திசையிலிருந்தும் வரும். சில சமயம் பத்து, பதினைந்து நிமிடங்களில் ஓய்ந்துவிடும். ஆனால், சேதமெல்லாம் அந்த நிமிடங்களில்தான்.

'ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழையும், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்றும்' என்று சென்னை வானிலை ஆய்வு மையம் சொல்லும் வரியைப் பலரும் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். நாற்பது கிலோமீட்டர் என்றால் நாம் வண்டி ஓட்டுகிற வேகம்தானே என்று தோன்றும். காற்றின் கணக்கு வேறு. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 20 அடிக்கு 20 அடி விளம்பரப் பலகை ஒன்றின் மேல் 40 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் ஏறக்குறைய கால் டன்னுக்கு மேல் அழுத்தம். அதுவே 80 கிலோமீட்டர் என்றால் ஒரு டன்னைத் தாண்டிவிடும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2023 ஜூன் 1 அன்று மாலை, கோவையிலிருந்து திருப்பூருக்கு வரும் வழியிலுள்ள கருமத்தம்பட்டி அருகே, நெடுஞ்சாலையோரம் ராட்சத விளம்பரப் பலகையைப் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. பலத்த காற்று வீச, இரும்புச் சாரத்தோடு பலகை சரிந்தது. சேலம் பக்கமிருந்து கூலிக்கு வந்திருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதன்பிறகு தமிழக அரசு, அனுமதி இல்லாமல் பலகை வைத்தால் மூன்று ஆண்டுவரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. உயிர்ச்சேதம் நடந்தால் நிறுவனத்தோடு இடத்தின் உரிமையாளரும் பொறுப்பு என்றும் சொன்னது. அபராதத் தொகையைப் பார்த்தால், பெரிய பலகையில் விளம்பரம் செய்கிறவர்கள் பயப்படுவார்களா என்கிற சந்தேகம் வரத்தான் செய்கிறது.

அடுத்த வருடம், 2024 மே 13 அன்று, மும்பை காட்கோபரில் நடந்தது இன்னும் கொடுமை. புழுதிப்புயலில் 120 அடிக்கு 120 அடி பலகை ஒரு பெட்ரோல் பங்க் மேல் விழுந்தது. அந்த நகரில் அனுமதிக்கப்படும் உச்ச அளவே 40 அடிக்கு 40 அடிதான். 17 பேர் இறந்தார்கள். பெட்ரோல் போட வந்தவர்களோடு, மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் அங்கே இருந்தார்கள்.

மழைக்கு ஒதுங்குவது நமக்குப் பழக்கம். காற்றுக்கு ஒதுங்குவது வேறு விஷயம் என்பதுதான் தெரியவில்லை. மழைக்கு மரத்தடி போதும், கடை முன்னால் இறக்கியிருக்கும் தகர ஷீட் போதும், பஸ் ஸ்டாப் போதும். சூறைக்காற்றில் முதலில் முறிவது மரக்கிளை, முதலில் பறப்பது தகர ஷீட்.

காதர்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்து சந்தாக நெருக்கியடித்த கடைகள். 2023 ஜூனில் அங்கே பிடித்த தீ ஒரே இரவில் சுமார் 50 பனியன் கடைகளைத் தின்றது என்றால் நெருக்கத்தைப் புரிந்துகொள்ளலாம். தலைக்கு மேலே தார்ப்பாய், ஃபிளெக்ஸ், மின்வயர். காற்று ஆரம்பித்தால் கடைக்காரர்களின் கவனமெல்லாம் வெளியே தொங்கும் உருப்படிகளை உள்ளே இழுப்பதில்தான் இருக்கும். அந்த நேரத்தில், "ஏனுங்க, இந்த ஒரு கடைய மட்டும் பாத்துட்டுப் போயிரலாமுங்க" என்று சொல்வதும், "வேண்டாங் கண்ணு, மழை வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்" என்று வண்டியைக் கிளப்புவதும், இரண்டுமே தப்புதான். தளம் போட்ட கான்கிரீட் கட்டடமாகப் பார்த்து உள்ளே போய்விட வேண்டும். பெரிய ஜவுளிக்கடையோ ஹோட்டலோ ரயில் நிலையமோ, எதுவானாலும் சரி. கண்ணாடி முகப்பை விட்டுத் தள்ளி உள்பக்கமாக நிற்பது நல்லது. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் காற்றின் உக்கிரம் அடங்கிவிடும்.

வண்டியில் பாதி வழி வந்த பிறகு மாட்டிக்கொண்டால்தான் பெரும்பாடு. ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மா, மடியில் குழந்தை, இரண்டு கையிலும் பெரிய பெரிய துணிக் கவர்கள். அந்தக் கவர்களே பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து வண்டியைத் தள்ளும். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு போன்ற இடங்களில் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி கடக்கும்போது காற்று மறைந்து, அது போனதும் மறுபடி அடிக்கும். வண்டி ஆடுவது அந்த நொடியில்தான். வேகத்தைக் குறைத்து, பலகையோ மரமோ கம்பமோ இல்லாத இடமாகப் பார்த்துச் சாலையை விட்டு இறங்கி நிறுத்தி, பிள்ளைகளை முதலில் இறக்கிவிட வேண்டும். மேம்பாலத்துக்கு அடியில் சாலையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பதும் ஆபத்து. பின்னால் வருகிறவருக்கு மழையில் ஆள் நிற்பது தெரியாது.

மின்னலுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. மின்னல் வெட்டிய 30 நொடிக்குள் இடி கேட்டால், அது நம்மைத் தாக்கும் தொலைவில் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வராமல் இருப்பது உத்தமம். செல்போனில் 'தாமினி' செயலி இருந்தால், அருகில் மின்னல் விழ வாய்ப்பிருக்கும்போது அது சொல்லிவிடும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. இலவசம்தான்.

காற்று நின்றதும் கிளம்புகிற அவசரத்தில் கவனிக்க வேண்டியது கீழே. அறுந்து கிடக்கும் மின்வயர், தேங்கிய தண்ணீருக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தெருவிளக்கு அணைந்திருந்தால் வயரில் கரன்ட் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. தள்ளி நின்று, பின்னால் வருகிறவர்களையும் நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். மரம் விழுந்திருந்தாலோ வீட்டுக்கூரை போயிருந்தாலோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

கூரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகள் பலவும் சிமென்ட் ஷீட் அல்லது தகர ஷீட் போட்டவை. ஷீட் பறக்காமலிருக்க மேலே கல் தூக்கி வைப்பார்கள். காற்றில் ஷீட் தூக்கும்போது அந்தக் கல்தான் உள்ளே விழும். ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிடிக்கும் 'ஜே' போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று மார்ச் மாதமே பார்த்து மாற்றச் சொல்லி வீட்டு உரிமையாளரிடம் கேட்கலாம். காதர்பேட்டையில் வாங்கும் ஒரு டிராக் பேன்ட்டை விடச் செலவு குறைவான போல்ட்டுகள் அவை. பெரியவர்கள் கடைக்குப் போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில், அந்த ஷீட்டுக்கு அடியில் டிவி பார்த்துக்கொண்டிருப்பது வீட்டில் விட்டுவிட்டு வந்த பாட்டியும் கைக்குழந்தையும்தான்.