தொட்டிலாட்டும் கைக்கு என்ன கூலி?



மேலப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரியின் மடல் வந்திருக்கிறது. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம். கணவர் கேரளத்தில் ஒரு தேநீர்க் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஊர் வருவார். பிள்ளைகள் மூவர். மூத்தவள் எட்டாம் வகுப்பு மாணவி. அடுத்தவனுக்கு மூன்று வயது. கைக்குழந்தைக்குப் பத்து மாதம். இதுநாள் வரை குழந்தையைப் பார்த்துக்கொண்ட மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் மூத்தவள் பள்ளிக்குச் செல்லவில்லை. ‘பெண்பிள்ளைதானே, எட்டோடு நிறுத்திவிட்டால் மார்க்கத்தில் குற்றமுண்டா?’ என்று அச்சகோதரி கேட்கிறார்.

மடலின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ‘உம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியது’ என்று அடியில் ஒரு குறிப்பு. அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையே தன் கையால் எழுதியிருக்கிறாள்.

மார்க்கத் தீர்ப்புக்கு முன் அச்சகோதரி போட்டுக் காட்டியிருக்கும் கணக்கைப் பார்ப்போம். பக்கத்துப் பகுதியில் ஒரு தனியார் குழந்தைகள் காப்பகத்தில் விசாரித்தாராம். மாதம் 3,500 ரூபாய், ஆட்டோவுக்குத் தனி, பாலுக்குத் தனி. பீடிக்கடையில் கழிவு போக இவர் கையில் வாங்குவது மாதம் 4,500 ரூபாயைத் தாண்டுவதில்லை. காப்பகத்தில் விட்டால் நாள் முழுவதும் சுற்றிய பீடியெல்லாம் காப்பகத்திற்கே சரியாகிவிடும். விடாவிட்டாலோ, ஆயிரம் சுற்றுகிற கை எழுநூறோடு நின்றுவிடுகிறது. இலை வெட்டும்போது குழந்தை கத்தரியைப் பிடிக்க வருகிறது; சுளகை மடியில் வைத்தால் தூளை அள்ளுகிறது.

வீட்டிலிருந்தே செய்யும் தொழில் என்பதால் பிள்ளை வளர்ப்புக்குச் செலவில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் தவறு. செலவு ரூபாயாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். சுற்றாமல் போன முந்நூறு பீடி ஒரு செலவு. புகையிலைத் தூள் மிதக்கும் அறையில் தவழ்ந்து, தூள் படிந்த முந்தானைக்குள் பாலருந்தி, ஓயாமல் இருமும் குழந்தை இன்னொரு செலவு. எழுபது வயதில் இடுப்பில் பிள்ளையைச் சுமந்த மாமியாருக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. அவர் விழுந்ததும் அந்தச் சுமை அடுத்த மலிவான தோளைத் தேடிப் பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் வந்துவிட்டது. குழந்தைக் காப்பகத்தின் கட்டணத்தை அந்தச் சிறுமி தன் பள்ளிப் படிப்பால் செலுத்திக்கொண்டிருக்கிறாள்.

இதற்குச் சட்டத்தில் வழியில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்றது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம், ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பகம் அமைக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே ஐம்பதைத்தான் கூறுகிறது. இவையெல்லாம் வாசலும் வருகைப் பதிவேடும் உள்ள இடங்களுக்கு. தன் வீட்டுத் திண்ணையில் சுளகோடு அமர்ந்திருப்பவளுக்கு ஐம்பது பேர் எங்கே? ஒரே தெருவில் இருநூறு பெண்கள் ஒரே கடைக்குப் பீடி சுற்றினாலும், ஒவ்வொருத்தியும் தனித்தனி ஆள்.

அரசின் அங்கன்வாடி இருக்கிறது. இல்லையென்று சொன்னால் நன்றி கெட்டதாகும். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் பயன் அது. நம் மாநிலத்தில் 1982இல் வந்த சத்துணவுத் திட்டம் அதற்கு மேலும் வலுவூட்டியது. ஆனால் அங்கே சேர்ப்பது இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளை. கைக்குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கும், கை கிடைக்காது. ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கும் காப்பகத் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2006இல் ராஜீவ் காந்தியின் பெயரில் தொடங்கியது; 2022 முதல் அதற்குப் ‘பால்னா’ என்று பெயர். 2017இல் வகுத்த விதிகளின்படி வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் மாதம் 20 ரூபாய், பெற்றோரின் மாத வருமானம் 12,000 ரூபாய்க்கு உட்பட்டால் 100 ரூபாய், அதற்கு மேல் 200 ரூபாய் என்பது கட்டணம். ஏழைக்கு எட்டும் கட்டணம்தான். அதே விதிகளில் இருபத்தைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயும் உதவியாளருக்கு 1,500 ரூபாயும் மதிப்பூதியமாக நிர்ணயித்தார்கள். தாயின் பாரத்தை இறக்கி, இன்னொரு ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றினார்கள். இருபத்தைந்து குழந்தைகளுக்கு அந்த இரு பெண்களைப் பெற்ற தாய்மார்தான் துணை!

இனி மார்க்கத்திற்கு வருவோம். பிள்ளையைப் பேணும் வேலைக்குக் கூலி கேட்பது நம் மரபுக்குப் புதிதன்று. மக்காவுக்குப் பால்குடிப் பிள்ளைகளைத் தேடி வந்த பனூ ஸஅத் குலப் பெண்கள் கூலியை எதிர்பார்த்தே வந்தார்கள். தந்தையற்ற குழந்தை என்றதும், நமக்குக் கொடுப்பவர் யார் என்று தயங்கி, பெருமானார் (ஸல்) அவர்களைத் தவிர்த்துவிட்டுச் சென்றார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. வேறு குழந்தை கிடைக்காமல், வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அன்னை ஹலீமா அவர்கள் எடுத்துச் சென்றார்கள். அதன்பின் அந்தக் கூடாரத்தில் இறங்கிய பரக்கத்தை நம் மீலாது மேடைகளில் உருகி உருகிச் சொல்கிறோம். கூலிக்கு வழியில்லாத பிள்ளை பேணுவாரின்றி நின்ற அந்தச் சில நாழிகைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

திருக்குர்ஆன் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. அல்பகராவின் 233ஆம் வசனம், தாய்மார் இரண்டாண்டு பாலூட்டுவதைக் கூறி, அவர்களுக்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் பொறுப்பு என்கிறது. குழந்தையை முன்னிட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. தந்தை இல்லாவிடில் வாரிசின் மீதும் அதே கடமை என்கிறது. செவிலித்தாயை அமர்த்தினால் பேசியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அத்தலாக் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் கூலி என்ற சொல்லையே கூறுகிறது. குழந்தையைப் பேணும் செலவைத் தாய் தன் உடம்பாலேயே தீர்க்க வேண்டும் என்றோ, அவள் முடியாதபோது மூத்த மகள் தன் படிப்பால் தீர்க்க வேண்டும் என்றோ எங்கும் கூறவில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு ஒன்றை இப்னு ஸஅத் அவர்கள் தபகாத்தில் எழுதியிருக்கிறார்கள். மதீனாவுக்கு வெளியே வணிகக் கூட்டமொன்று தங்கியிருந்த இரவில், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களோடு கலீஃபா காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. சென்று, அல்லாஹ்வை அஞ்சிக்கொள், பிள்ளையைக் கவனி என்று தாயிடம் கூறித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் சென்றார்கள். இரவின் இறுதியில் மூன்றாம் முறையும் அழுகுரல் கேட்கவே, நீ நல்ல தாயாகத் தெரியவில்லையே என்று கடிந்துகொண்டார்கள். எதிரில் நிற்பவர் யாரென்று அறியாத அந்தப் பெண், பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார், அதனால் இவனுக்குப் பாலை நிறுத்திப் பார்க்கிறேன், இவன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்றாள். பிள்ளைக்கு வயது சில மாதங்களே.

அன்று சுப்ஹுத் தொழுகையில் கலீஃபா ஓதியது அழுகையால் மக்களுக்கு விளங்கவில்லை. நம் பயான்களில் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். உமரின் கண்ணீரைச் சொல்லிக் கேட்போரையும் கண்கலங்கச் செய்வார்கள். அவர்கள் தொழுது முடித்ததும் செய்தது என்ன? பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுப் பாலை நிறுத்த வேண்டாம், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பிறப்பிலிருந்தே தொகை உண்டு என்று அறிவித்து, எல்லா மாநிலங்களுக்கும் எழுதி அனுப்பினார்கள். தாய்மாரின் பொறுப்புகள் என்று ஒரு குத்பா ஓதிவிட்டு அவர்கள் வீடு செல்லவில்லை. இரவில் கெட்ட தாய் என்று எண்ணியது, விடியலில் தம் கணக்குப் புத்தகத்தின் பிழை என்று அவர்களுக்குப் புரிந்தது.

‘தாய்மடிதான் குழந்தையின் முதல் மதரஸா; அதை விட்டுக் காப்பகத்தில் விடுவது மேனாட்டு மோகம்’ என்று பெரியவர்கள் சிலர் கூறுவார்கள். முதற்பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மடியில் இப்போது சுளகு இருக்கிறதே! மடி காலியாக வேண்டுமென்று உளமார விரும்புபவர்கள் மாதம் 4,500 ரூபாயை அந்த வீட்டில் கொண்டு போய்க் கொடுக்கட்டும்; நான் மறுவார்த்தை பேச மாட்டேன்.

அதுவரை என் மனத்தில் உள்ள யோசனை இது. ஏறத்தாழ எல்லா மஹல்லாவிலும் மக்தப் மதரஸாக் கூடம் ஒன்றிருக்கிறது. காலையில் பள்ளிக்கு முன்பும் மாலையிலும் பிள்ளைகள் ஓதுவார்கள். காலை எட்டரை முதல் நான்கு மணி வரை கூடம் பூட்டியே கிடக்கும். விசிறி, தண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. பன்னிரண்டு கைக்குழந்தைகளை அங்கே வைத்துக்கொள்வதாக ஒரு கணக்குப் போட்டேன். பயிற்சி பெற்ற இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு 9,000 வீதம் 18,000 ரூபாய். பால், கஞ்சி, முட்டை, பழத்திற்கு நாளொன்றுக்குக் குழந்தைக்கு 20 ரூபாய் வீதம் 26 நாளைக்கு 6,240. மின்சாரம், சோப்பு, பாய், மருந்துப்பெட்டி வகையில் 1,760. ஆக மாதம் 26,000 ரூபாய். தாய்மார் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தால் 6,000. துண்டு விழுவது 20,000. விலைவாசி ஊருக்கு ஊர் மாறும்; உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

துண்டு விழும் தொகையில் ஓராண்டுக்கு 2,40,000 ரூபாய். நம் ஊர்களில் ஒரே ஒரு வலீமாப் பந்தலின் பிரியாணிச் செலவை எழுதி இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி ஜமாஅத்துத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஜகாத் பணத்தைப் பணியாளர் சம்பளத்திற்கு நேராகக் கொடுக்கலாமா என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் மத்ஹபு நுணுக்கங்கள் உண்டு. ஜகாத் பெறத் தகுதியுள்ள தாயின் கையிலேயே கொடுத்து, அவள் அதிலிருந்து கட்டணம் செலுத்துவதில் சிக்கல் எழாது. சம்பளத்தை மட்டும் தயவுசெய்து குறைக்க வேண்டாம். ‘நன்மைக்காகச் செய்யட்டுமே’ என்று ஒரு விதவைப் பெண்ணைக் குறைந்த கூலிக்கு அமர்த்துகிற பழக்கம் நம்மிடம் அதிகம். நன்மையை அல்லாஹ் கொடுப்பான். கூலியை நாம்தான் கொடுக்க வேண்டும். பாலூட்டும் தாய் நினைத்தபோது வந்து ஊட்டிச் செல்ல ஒரு மறைவிடமும் வேண்டும். தெருக்கோடியிலேயே வீடு என்பதால் இது எளிது.

மேலப்பாளையத்துச் சகோதரிக்கு: மகளை நிறுத்தாதீர்கள். கல்வி தேடுவது ஆணுக்குக் கடமை, பெண்ணுக்கு விருப்பம் என்று மார்க்கம் பிரிக்கவில்லை. பதினான்கு வயது வரை அவள் படிப்பு சட்டப்படி அவளது உரிமை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் ஒரு திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. எட்டோடு நின்றால் அந்த வாசலும் அடைபடும். மூன்று வயதுப் பையனை நாளையே அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள். அங்கேயே உண்டு உறங்குவான். பக்கத்தில் காப்பகத்துடன் கூடிய மையம் ஏதேனும் இருக்கிறதா என்றும் அங்குள்ள பணியாளரிடம் கேளுங்கள். கைக்குழந்தைக்கு, உங்கள் தெருவில் இதே நிலையிலுள்ள இன்னும் இரண்டு தாய்மாரோடு பேசிப் பாருங்கள். ஒருவர் சுளகை எடுக்காமல் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, மற்ற இருவரும் சுற்றலாம். பார்த்துக்கொள்பவரின் அன்றைய கூலியை இருவரும் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். உறவுக்காரி, அண்டைவீட்டுக்காரி என்று இலவசமாக ஏற்காதீர்கள். இலவசமென்றால் இரண்டாவது மாதமே கசந்துவிடும். உங்கள் கணவருக்கும் எழுதுங்கள். மேற்சொன்ன வசனத்தில் முதற்பொறுப்பு அவருடையது. தொலைவிலிருப்பதால் அது குறைந்துவிடாது.

மேலே கண்ட 26,000 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதி ஜமாஅத்துச் செயலாளரிடம் கொடுங்கள். எழுதுவதற்கு உங்கள் வீட்டிலேயே நல்ல கையெழுத்து இருக்கிறது. பள்ளிவிட்டு வந்த பிறகு எழுதித் தரச் சொல்லுங்கள்.